ஒரு மீட்டர்

முசஃபாவில் இன்று காற்றின் நிறம் பழுப்பு.
எதிரே டயர்க் கடைப் பலகை
காலை பத்து மணிக்கே காணாமல் போயிற்று.
உள்ளே, பதினெட்டு டிகிரிக் குளிரில்,
எனக்கு ஒரு சூரியன் உருவாகிக்கொண்டிருந்தது.

உருவாகிறது என்பது ஒரு பேச்சுக்கு.
நாலாயிரத்துச் சொச்சம் கோர்கள்
ஆளுக்கொரு துண்டு வானத்தை வைத்துக்கொண்டு
பக்கத்துத் துண்டோடு மட்டும் பேசுகின்றன.
உன் ஓரத்தில் அழுத்தம் எவ்வளவு,
என் பக்கம் எத்தனை தூசி தள்ளினாய்.
மொத்த வானமும் எப்படியிருக்கிறதென்று
அதில் எதற்கும் தெரியாது.

வாயு சுழன்று தட்டையாகும்.
தட்டில் தூசி.
என் சம்பளம் அந்தத் தூசிக்கு.

தூசியோடு தூசி ஒட்டும், கூழாங்கல் ஆகும்,
ஒரு மீட்டர் வரை வளரும்.
அங்கே நிற்கும்.
ஒன்று, மோதிச் சிதறும்.
இல்லை, எதிர்க்காற்றில் வேகம் குறைந்து
சுருண்டு சுருண்டு சூரியனுக்குள் விழும்.
நூறு வருடம் போதும், விழுந்துவிட.
என் கணக்குப்படி
பூமி என்று ஒன்று இருக்கக் கூடாது.
அதன்மேல் உட்கார்ந்துகொண்டுதான்
மூன்று வருடமாக இதை எழுதுகிறேன்.

(விசா புதுப்பிக்கையில் தொழில் கேட்டார்கள்.
பட்டியலில் கிரகம் செய்கிறவர் இல்லை.
'டேட்டா கிளார்க்' போட்டார்கள். தப்பில்லை.)

பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு
மேல்மாடியில் இரண்டு சில்லர்கள் நின்றன.
இருபத்தாறு. முப்பத்தொன்று.
கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஹிலால் கூப்பிட்டான்:
"உன்னுடையதுதான் பெரிசு. முதலில் அதைத்தான் கொல்ல வேண்டும்.
மன்னித்துக்கொள்."
ஒரு லட்சத்து எண்பதாயிரமாவது வருடத்தில்
என் சூரியன் நின்றது.
கடைசியாகச் சேமித்தது
அதற்கு ஆயிரம் வருடம் முன்பு.
எனக்கு அது ஆறு மணி நேரம்.

செய்வதற்கு ஒன்றுமில்லாமல் மாடிக்குப் போனேன்.
ஸ்தனிஸ்லாஸ் முகத்தில் துண்டு கட்டி
கண்டென்சருக்கு முன் மாட்டிய வலையைக்
கழற்றிக்கொண்டிருந்தார். குளச்சல்காரர்.
வலையில் ஓட்டையே தெரியவில்லை.
கம்பளி மாதிரிப் படிந்திருந்தது.
"மணலு இல்ல மேடம், மாவு" என்றார்.
தரையில் ஓங்கித் தட்டினார்.
பாதி விழுந்தது.
மீதி விழவில்லை.
"காஞ்ச காத்துல்லா. தொட்டுப் பாருங்க,
சுள்ளுன்னு அடிக்கும். அதான் விடமாட்டேங்குது."

தொட்டேன்.
அடித்தது.

அவர் அடுத்த வலைக்குப் போய்விட்டார்.
நான் விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.
என் நிரலில், எழுநூற்றுப் பன்னிரண்டாம் வரியில்,
நானே எழுதிய குறிப்பு ஞாபகம் வந்தது:
'மின்னேற்றம். செலவு அதிகம். பிறகு பார்க்கலாம்.'
மற்றவர்கள் இதைப் பார்த்திருக்கிறார்கள்,
கட்டுரைகள் கூட இருக்கின்றன.
நானும் படித்தேன், அடிக்கோடிட்டேன்,
கோர் மணிகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு
அந்த வரியை அணைத்துவிட்டேன்.

"ஒரு சூரியனுக்குக் கரண்ட் பில் என்ன வரும் மேடம்?"
ஹோஸ் பைப்பைத் திருகிக்கொண்டே கேட்டார்.
மனக்கணக்காய்ச் சொன்னேன்:
நாலைந்து வில்லா, கோடை முழுக்க.
"அவ்வளவுதானா" என்றார், ஏமாற்றத்தோடு.

ஏழு மணிக்குக் குளிர் திரும்பியது.
எழுநூற்றுப் பன்னிரண்டைத் திறந்தேன்.
இனி ஒவ்வொரு துகளும்
தன் மேல் என்ன ஏறியிருக்கிறதென்று சொல்லியாக வேண்டும்.
மும்மடங்கு நேரம். ஹிலால் திட்டுவான்.
வரிசையில் எனக்கு முன் முப்பது பேர்,
பெரும்பாலும் எண்ணெய்க் கம்பெனிகள்.
ஒரு மீட்டரைத் தாண்டுமா, தெரியாது.
ஒன்றே கால் வந்தாலும்
யாருக்காவது போன் செய்வேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் வைப்பர்
கண்ணாடியில் இரண்டு பிறை வரைந்தது.
பல்லிடுக்கில் ஒரு துகள்.
நாக்கால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறேன்.
போக மாட்டேன் என்கிறது.
நல்லது.